கோபுரத்துக்குப் பின்னால் தெறித்த வண்ணம்

வாசகியின் கடிதம்:

"வயது 43. ஊர் கும்பகோணம். ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்குப் பார்க்கிறேன். 18 வருடமாகப் பேனாவும் மையும் வைத்துக் கோயில்களை வரைந்து வருகிறேன். ஆனந்த விகடனில் சில்பி வரைந்த கோயில் படங்களை என் தாத்தா வெட்டி பைண்டு செய்து வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பழகிய கை என்னுடையது. வருடத்துக்கு நான்கைந்து பேர் தங்கள் ஊர்க் கோயிலை வரைந்து தரச் சொல்லிக் கேட்கிறார்கள். போன ஜனவரியில் சென்னையில் இரண்டு நாள் உள்ளுணர்வு ஓவியப் பயிற்சிக்குப் போனேன். திட்டம் போடக்கூடாது, அழிக்கக்கூடாது, நன்றாக வந்திருக்கிறதா என்று யோசிக்கக்கூடாது, கை போகிற போக்கில் பெரிய தூரிகையால் தீட்டிக்கொண்டே போக வேண்டும் என்றார்கள். இரண்டாம் நாள் மாலை சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்து பேனாவைத் தொட்டால் கை மரத்துப்போன மாதிரி இருக்கிறது. இரண்டையும் கலந்து பார்க்கிறேன், ஒட்டவில்லை. 'ரெண்டு பேர் வரைஞ்ச மாதிரி இருக்கும்மா' என்கிறாள் என் மகள். எப்படிக் கலப்பது? கலந்தால் இத்தனை வருடத்து என் பாணி போய்விடுமா? மூன்று படங்களின் போட்டோ அனுப்பியிருக்கிறேன். நான் பத்து வருடம் பாட்டும் கற்றுக்கொண்டவள். இங்கே அது தேவையா தெரியவில்லை, சொல்லத் தோன்றியது."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்னது சரி. மூன்று போட்டோக்களையும் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் படத்தில் நீலமும் ஊதாவும் தாள் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அதன்மேல் சாரங்கபாணி கோயிலின் 11 நிலைக் கோபுரம், நிலை நிலையாக எண்ணி வரைந்தது. கோபுரம் நன்றாக இருக்கிறது. வண்ணமும் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வண்ணத்தை எடுத்துவிட்டு வெறும் வெள்ளைத் தாளில் அதே கோபுரத்தை வைத்தால் ஒரு கோடுகூட மாறாது. இடது பக்கம் ஊதா தேங்கிக் காய்ந்து, விளிம்பு கறுத்து, அருமையான ஒரு வளைவு விழுந்திருக்கிறது. பேனா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேராக அதன்மேல் ஏறிப் போய்விட்டது. கோபுரம் எங்கே நிற்க வேண்டும் என்பது வண்ணம் விழுவதற்கு முன்பே உங்கள் மனத்தில் முடிவாகியிருந்தது. கூர்ந்து பார்த்தால் அடியில் பென்சில் கோடுகூடத் தெரிகிறது.

இந்த மாதிரிப் படங்கள் இப்போது நிறைய வருகின்றன. தெறித்த வண்ணத்துக்கு மேல் ஒரு கோயில், ஒரு யானை, அபிநயம் பிடிக்கும் ஒரு பெண். காலண்டரில் போட்டால் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் அன்று மாலை அதற்காக அழவில்லை.

அந்த அழுகையைப் பற்றி முதலில் பேசிவிடலாம். திட்டமில்லாமல், தீர்ப்பில்லாமல் தீட்டுவது என்ற இந்தப் பழக்கத்துக்குப் பல கிளைகள் உண்டு. அவற்றில் நான் மிகவும் மதிப்பது அர்னோ ஸ்டெர்ன் என்பவரின் வழி. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இல், பாரிஸுக்கு அருகே ஓர் அனாதைக் குழந்தைகள் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து, குழந்தைகளைத் தீட்டவிட்டுப் பார்த்தவர். பிறகு பாரிஸில் அதற்கென்றே ஓர் அறை வைத்தார். சுற்றிலும் தாள் குத்தப்பட்ட சுவர்கள், நடுவில் 18 வண்ணங்கள் வைத்த ஒரு மேசை. யாரும் யார் படத்தைப் பற்றியும் வாய் திறக்கக்கூடாது. 'அழகு' என்றும் சொல்லக்கூடாது, 'என்ன இது' என்றும் கேட்கக்கூடாது. தீட்டிய தாள்கள் அந்த இடத்தை விட்டு வெளியே போகாது, கண்காட்சிக்கும் போகாது. 2024இல் தமது நூறாவது வயதில் காலமாகும்வரை அவர் பேசியது இதைத்தான்.

தாள்கள் வெளியே போகாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர். யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால்தான் கை திறக்கிறது. 18 வருடமாக நீங்கள் வரைந்த ஒவ்வொரு கோட்டையும் யாரோ பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்தே வரைந்தீர்கள். 'எங்க ஊர் கோபுரத்தில் ஒரு கலசம் குறையுதே' என்று ஒருவர் சொல்லிவிடக்கூடாது. அந்தச் சுமை இரண்டு நாள் இறங்கியது, கண்ணீர் வந்தது. அது உண்மையான அனுபவம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அறையின் சட்டங்கள் அந்த அறைக்கானவை. பிறர் பார்க்கப்போகிற ஒரு படத்தைச் செய்யும்போது அவற்றை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. எங்கோ ஓரிடத்தில் கண்ணைத் திறந்து தீர்மானிக்கத்தான் வேண்டும். அந்த இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. 'எப்படிக் கலப்பது' என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். 'யார் முதலில், எந்த இடத்தில் கை மாறுகிறது' என்று கேளுங்கள். உங்கள் மூன்று படங்களிலும் பேனாதான் முதலில் வந்துவிட்டது. தாளில் பிறகு வந்தாலும் மனத்தில் முதலில் வந்துவிட்டது.

பாணி என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? கடிதத்தைப் படித்தால் பேனா, மை, கோயில் என்று தோன்றுகிறது. பேனா ஒரு கருவி, கோயில் ஒரு பொருள். தமிழ்நாட்டில் பேனாவால் கோயில் வரைகிறவர்கள் பல நூறு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் உங்கள் படத்தை நான் எப்படி அடையாளம் காண்பேன்? கையெழுத்தே இல்லாமல்?

இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன், தயவுசெய்து செய்யுங்கள். உங்கள் பழைய படங்களில் பத்தை எடுத்துத் தரையில் பரப்புங்கள், எல்லாவற்றையும் தலைகீழாக. தலைகீழாக வைத்தால் கோபுரம் கோபுரமாகத் தெரியாது, கோடும் இருட்டும் வெளிச்சமும் மட்டும் தெரியும். எது திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய மூன்றை வைத்தே எனக்குத் தெரிவதைச் சொல்கிறேன். மூன்றிலும் படத்தின் அடிப்பகுதி வெறுமையாக இருக்கிறது, தரையை நீங்கள் வரைவதே இல்லை. கோபுரம் காற்றில் நிற்கிறது. நிழல் போடும்போது கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடும் கிராஸ் ஹேட்சிங் செய்யாமல் ஒரே திசையில், வலமிருந்து இடமாகச் சரிந்த கோடுகளையே நெருக்குகிறீர்கள், மழைச் சாரல்போல. மூன்றாவதாக, எப்போதும் கழுத்தை அண்ணாந்து கீழிருந்து பார்க்கிறீர்கள். சிறு பெண் ஒருத்தி தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் உயரம் அது. இவைதான் உங்கள் பாணி. இவற்றை நீங்கள் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். 18 வருடமாக உங்கள் உள்ளுணர்வு அந்தச் சரிந்த கோடுகளுக்குள் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பயிற்சிக்குப் போன பிறகுதான் அது பிறந்தது என்று எண்ண வேண்டாம்.

தாகூரின் ஓவியங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கவிதை எழுதும்போது அடித்த சொற்களை அப்படியே விட அவருக்கு மனம் வராது. ஓர் அடித்தலையும் இன்னோர் அடித்தலையும் கோட்டால் இணைப்பார், அது ஒரு பறவையாகவோ பெயர் தெரியாத விலங்காகவோ மாறும். 1924 வாக்கில் எழுதிய 'பூரபி' கவிதைகளின் கையெழுத்துப் பிரதியில் இது நிறைய இருக்கிறது. அங்கிருந்து ஓவியத்துக்கு வந்து, 1930இல், எழுபதை நெருங்கும் வயதில், பாரிஸில் கண்காட்சி வைத்தார். இரண்டாயிரத்துக்கும் மேல் படங்கள் தீட்டியிருக்கிறார். ஓவியக் கல்லூரியில் படிக்காதவர். ஆனால் வங்காள எழுத்தை வாழ்நாளெல்லாம் எழுதிய கை அது. அந்த வளைவும் இழுப்பும் அவருடைய படங்களில் அப்படியே இருக்கின்றன. கை எங்கே போனாலும் தன் பழக்கத்தைக் கூடவே எடுத்துக்கொண்டுதான் போகும். அதனால் 'பாணி போய்விடுமா' என்ற பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

பாட்டு கற்றதைச் சொல்லத் தோன்றியது என்று எழுதினீர்களே, நல்ல வேளை சொன்னீர்கள். உங்களுக்கு நிரவல் தெரியும். கிருதியில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்கிறோம். அந்த வரியின் சொற்கள் தாளத்தில் விழும் இடம் ஏறக்குறைய நிலையாக இருக்கும், வரி தொடங்கும் இடமான எடுப்பு மாறாது. ராகம் மட்டும் அந்த வரிக்குள் எத்தனை விதமாக வேண்டுமானாலும் போய்வரலாம். பாட்டின் சொற்களான சாகித்யத்தையும் விட்டு, தாளத்தையும் விட்டு, ராகத்தையும் விட்டுப் பாடு என்று எந்த வாத்தியாரும் சொல்ல மாட்டார். எதையோ ஒன்றைப் பிடித்துக்கொண்டதால்தான் மற்றது விடுபடுகிறது. மனோதர்மம் என்று நம்மிடம் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. உங்கள் படத்தில் எது சாகித்யம்? கோயிலா, சாரல் கோடா, அண்ணாந்து பார்க்கும் கோணமா, வெறுமையான அடிப்பகுதியா? ஒன்றை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் விட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால் சாரல் கோட்டை வைத்துக்கொண்டு கோயிலை விட்டுவிடச் சொல்வேன், முதல் ஆறு மாதத்துக்காவது.

இனிச் செய்முறை. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கலப்பு பாதிக்குப் பாதி பொருட்களால்தான் கெடுகிறது.

உங்கள் மூன்றாவது படத்தில் பேனா கோடு விட்டு விட்டு வந்திருக்கிறது, சில இடங்களில் சுரண்டிய தடமும் தெரிகிறது. பயிற்சியில் கொடுத்த அக்ரிலிக்கை அதே கெட்டியில் வீட்டிலும் பூசியிருக்கிறீர்கள். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் தோல். நிப் அதன்மேல் வழுக்கும், மை உறிஞ்சப்படாமல் முத்து முத்தாக நிற்கும். மெல்லிய முனையுள்ள பிக்மென்ட் பேனாவாக இருந்தால் முனையே நைந்துவிடும். அக்ரிலிக்தான் வேண்டுமென்றால் தண்ணீர்போலக் கரைத்துப் பூசுங்கள், தாளின் நாருக்குள் இறங்கிவிடும், நிப் பிடிக்கும். ஆனால் உங்களுக்கு நீர்வண்ணம்தான் சரி என்று நினைக்கிறேன். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கெட்டி, முழுப் பருத்தி, லேசாகச் சொரசொரக்கும் கோல்ட் பிரெஸ் தாள். விலை அதிகம்தான். பழகுவதற்குச் சாதாரண கார்ட்ரிட்ஜ் தாள் போதும் என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். அது ஈரத்தில் அப்பளம்போல் சுருண்டு, வண்ணம் பள்ளத்தில் தேங்கி, தாளின் குறையை உங்கள் குறை என்று நினைக்கவைக்கும். முழுத்தாளை (22க்கு 30 அங்குலம்) இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே வேண்டாம். சின்னத் தாளில் விரல்தான் வேலை செய்யும், தோள் வேலை செய்யாது. பயிற்சியில் உங்களுக்குத் திறந்தது தோள்.

மூன்றே வண்ணம்: இண்டிகோ, பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர். பயிற்சியில் பதினைந்து இருபது வண்ணம் வைத்திருப்பார்கள், அங்கே சேறானாலும் பரவாயில்லை. இங்கே ஈரத்தில் எல்லாம் கலக்கும்போது சேறாகக்கூடாது. இண்டிகோவும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் மழையில் நனைந்த கருங்கல்லின் சாம்பல் வரும். அதை நீங்கள் வாழ்நாளெல்லாம் பார்த்தவர், பழகத் தேவையில்லை.

தாளைப் பலகையில் ஒட்டி, ஸ்பாஞ்சால் நன்றாக நனைத்து, நின்றுகொண்டு, இரண்டங்குலப் பட்டைத் தூரிகையால் 15 நிமிடம். கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த 15 நிமிடத்துக்கு அந்தப் பயிற்சி அறையின் சட்டம் செல்லும்: பொருள் கிடையாது, அழிக்கக்கூடாது, ரசிக்கவும் கூடாது. கோபுரம் என்ற சொல் மனத்தில் வந்தால் தூரிகையை இடது கைக்கு மாற்றிவிடுங்கள். இடது கைக்குக் கோபுரம் வரையத் தெரியாது, அதனால் சும்மா இருக்கும். சித்திரை வெயிலில் இதை மதியத்தில் செய்யாதீர்கள், நனைத்த தாள் நீங்கள் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். விடியற்காலையில் செய்யுங்கள், கிண்ணத்துத் தண்ணீரில் சில சொட்டு கிளிசரின் விட்டால் காய்வது தாமதமாகும். ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேர் எதிர், ஒரு ராத்திரி போனாலும் ஈரம் போகாது. புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

காய்ந்த பிறகு பேனாவை எடுக்காதீர்கள். இதுதான் கை மாறும் இடம், இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஒரு முழு நாள் அந்தத் தாள் சுவரில் தொங்கட்டும். சமையலறைக்குப் போகிற வழியில் மாட்டுங்கள், போகும்போதும் வரும்போதும் கண்ணில் படட்டும். நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி மாட்டுங்கள். வண்ணம் மூன்று விதமான தடயங்களை விட்டிருக்கும். தேங்கிக் காய்ந்த கறுத்த விளிம்பு ஒன்று. பாதி காய்ந்த இடத்தில் தண்ணீர் புகுந்து காலிஃபிளவர்போல் பூத்த இடம் ஒன்று. வண்ணம் தொடாமல் தப்பித்த வெள்ளை ஒன்று. உங்கள் பேனா இந்த மூன்றோடு மட்டும் பேச வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு கறுத்த விளிம்பு தூணின் நிழல் பக்கம்போல் தெரிகிறதென்று வையுங்கள். அந்த விளிம்பின்மேல் கோடு போடாதீர்கள், அதை வண்ணமே முடித்துவிட்டது. எதிர்ப்பக்கத்தில், வெளிச்சம் விழும் பக்கத்தில், நான்கு சாரல் கோடு. தூண் நின்றுவிடும். வண்ணத்தின் ஓரங்களைச் சுற்றிச் சுற்றிக் கோடு கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம், அது வண்ணத்தைச் சிறை வைப்பது.

பேனாவுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் இல்லை. போட்டோ பார்த்து வரையக்கூடாது, நினைவிலிருந்து வருவது வரட்டும். தாராசுரத்தில் மழைக்காலத்தில் கோயிலுக்கு முன்னால் தண்ணீர் கட்டி நிற்கும்போது பார்த்திருப்பீர்கள். தேர்ச் சக்கரமும் குதிரையும் தண்ணீரில் பாதி கலைந்து தெரியும். சக்கரத்தில் எத்தனை ஆரம் என்று அந்த நேரத்தில் யாரும் எண்ணுவதில்லை, ஆனாலும் அது தாராசுரம் என்று யாருக்கும் சந்தேகம் வராது. அந்த அளவு போதும்.

இந்த வழி நான் கண்டுபிடித்ததில்லை. ஸ்பெயின் ஓவியர் ஹுவான் மீரோ 1925இல் 'உலகின் பிறப்பு' என்ற பெரிய படம் ஒன்றைத் தீட்டினார், இரண்டரை மீட்டர் உயரம். கேன்வாஸுக்குப் பூசும் அடிப்பூச்சை வேண்டுமென்றே சீரில்லாமல் பூசினார். அதனால் மேலே ஊற்றிய வண்ணம் சில இடத்தில் உறிஞ்சப்பட்டது, சில இடத்தில் மேலேயே நின்றது, சில இடத்தில் ஒழுகியது. அந்தக் கலங்கலின்மேல் அவர் வைத்தது மிகக் கொஞ்சம்: ஒரு கறுப்பு முக்கோணம், மஞ்சள் வால் வைத்த ஒரு சிவப்பு வட்டம், இன்னும் சில கோடுகள். அவ்வளவும் துல்லியமான விளிம்போடு, நிதானமாக வைத்தவை. முதல் கட்டம் விடுதலை, இரண்டாம் கட்டம் கணக்கு என்று தம் முறையைப் பற்றி அவரே பேசியிருக்கிறார். படத்தைப் பார்க்கும்போது இரண்டு பேர் வரைந்ததாக யாருக்கும் தோன்றாது. அந்த முக்கோணம் எங்கே வரவேண்டும் என்று கலங்கலைக் கேட்டு வைத்தது போலிருக்கும்.

எனக்கு இது விபத்தாகத்தான் தெரிய வந்தது. கல்லூரி முடித்த சில வருடத்தில் பழைய வீடு ஒன்றை வரைந்து கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் உட்கார்ந்து, ஓடு ஓடாக, ஜன்னல் கம்பி கம்பியாக வரைந்து முடித்து, கடைசியில் மேலே லேசாக ஒரு வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு, கொடுத்தேன். காய்ந்தால் நீரில் கரையாத இந்தியன் இங்க் தீர்ந்துபோய்ப் பாதியிலிருந்து சாதாரண பவுன்டன் பேனா மையில் வரைந்தது நினைவில் இல்லை. தூரிகை பட்ட இடமெல்லாம் கோடு கரைந்து நீலமாக ஓடியது. அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலை தாள் காய்ந்திருந்தது. கரையாமல் மிஞ்சிய கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, வீடு வீடாகத் தெரியத் தேவையான இடங்களில் மட்டும் மறுபடி கோடு போட்டேன். மூன்றில் ஒரு பங்குதான் போட்டிருப்பேன். வாங்கிக்கொண்டவரின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, 'மழை பெய்யறப்போ எங்க வீடு இப்படித்தான் இருக்கும்' என்றார். மீதி இரண்டு பங்கு கோடுகளை நான் யாருக்காக வரைந்தேன் என்று பல நாள் யோசித்தேன். வேலைக்கு நீர் புகாத மையையே பயன்படுத்துங்கள் என்பது இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய சின்னப் பாடம். இந்தியன் இங்க்கைப் பவுன்டன் பேனாவில் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும். தொட்டு எழுதும் நிப் வையுங்கள்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வழி உண்டு. வண்ணத்தை விட்டுவிட்டு, கோட்டையே கொஞ்சம் அவிழ்த்துப் பார்ப்பது. உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை, சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கருப்பூரிலும் கலம்காரி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவர்கள் கையில் இருக்கும் கலத்தை மட்டும் பாருங்கள். மூங்கில் குச்சி, முனைக்கு மேலே சுற்றிக் கட்டிய ஒரு பொதி. பொதி சாயத்தைக் குடித்துக்கொள்ளும், விரலால் அமுக்க அமுக்க முனைக்கு இறங்கும். நூலிழைக் கோடு அதில் வராது, ஒரே சீராகவும் வராது. ஆனால் வாழ்நாளெல்லாம் அதே கொடியை, அதே மயிலை வரைந்தவர்கள் கையில் அந்தச் சீரின்மையே உயிராகத் தெரியும். நீங்களே ஒரு கலம் கட்டிக்கொள்ளலாம். அதுவரை விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை ஒடித்து மையில் தொட்டு, கையை மேசையில் ஊன்றாமல், உங்கள் சாரல் கோட்டைப் போட்டுப் பழகுங்கள். உங்கள் பழக்கம் அப்படியே இருக்கும், கட்டுப்பாடு மட்டும் பாதியாகும். 'கை மரத்துவிட்டது' என்று எழுதினீர்களே, அதற்கு எனக்குத் தெரிந்த மருந்து இதுதான்.

படம் கேட்டு வருகிறவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கவலை தெரிகிறது. அவர்களுக்குப் பழைய முறையிலேயே வரைந்து கொடுங்கள். கலசம் எண்ணி, நிலை எண்ணி. அதில் குறை ஒன்றும் இல்லை, பணமும் வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். முடிந்தால் ஒரே நாளிலும் வைக்க வேண்டாம். கே.எம். ஆதிமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969இல் காந்தியைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளாக வரிசையாக வரைந்தவர். தமிழ்ப் பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் அவர் கோட்டைப் பார்க்காத வாசகர் அந்தத் தலைமுறையில் இல்லை. அதே மனிதர் பிற்காலத்தில் எண்ணெய் வண்ணத்தில் பெரிய பெரிய அருவ ஓவியங்கள் தீட்டினார், வண்ணமும் வெளியுமாக. அந்தப் பரப்புகளில் காந்தியை வரைந்த கோட்டைத் தேடினால் கிடைக்காது. வண்ணத்தின்மேல் கோட்டைக் கொண்டுபோய் ஒட்டி 'இதுவும் ஆதிமூலம்தான்' என்று நிரூபிக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. கலக்கவே தேவையில்லை என்பதும் ஒரு பதில்தான். ஆறு மாதம் முயன்ற பிறகு உங்களுக்கும் அந்தப் பதில் கிடைக்கலாம். அப்படிக் கிடைத்தால் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

சென்னைக்கு அடுத்த முறை வந்தால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் தொடங்கிய ஓவியர் கிராமம். அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களை எங்கே பார்க்கக் கிடைத்தாலும் நின்று பாருங்கள். படம் முழுக்க எழுத்துபோல் கோடுகள், ஜாதகக் கட்டம்போல் கட்டங்கள். படிக்கப் போனால் ஒரு வார்த்தையும் தேறாது, ஆனால் எழுதிய கையின் வேகமும் நெருக்கமும் முழுக்க இருக்கும். கோபுரம் இல்லாமல் உங்கள் சாரல் கோடு மட்டும் ஒரு தாளை நிரப்பினால் எப்படி இருக்கும் என்று அங்கே நின்று யோசியுங்கள்.

மாதத்துக்கு இரண்டு தாள் போதும். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதியும், அன்று எதை நிறுத்திக்கொண்டு எதை விட்டீர்கள் என்பதையும் ஒரு வரி பென்சிலில் எழுதுங்கள். முதல் ஐந்து தாள்களை யாரிடமும் காட்டாதீர்கள், உங்கள் மகளிடம்கூட. ஆறாவதை அவளிடம் காட்டி, எத்தனை பேர் வரைந்த மாதிரி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அவள் சொன்ன பதிலோடு அந்தத் தாளின் போட்டோவை எனக்கு அனுப்புங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து.